பவரா, ஆன்டெனாவா? 20 வருடம் ஒரே பக்கம் ஓடி, பிறகு திரும்பி வந்த மார்க்கோனியின் கதை

1923-ம் ஆண்டு. எலெட்ரா என்ற கப்பல் அட்லாண்டிக் கடலில் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. வெளியே பார்த்தால் பணக்காரர் ஒருவரின் சொகுசுக் கப்பல். உள்ளே முழுசாக ஒரு வயர்லெஸ் ஆய்வகம். கப்பலின் சொந்தக்காரருக்கு வயது 49. நோபல் பரிசு வாங்கி 14 வருடம் ஆகிவிட்டது. உலகம் முழுக்கத் தெரிந்த பெயர்: குலியெல்மோ மார்க்கோனி.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் போல்டு நிலையத்திலிருந்து 97 மீட்டர் அலையில் சிக்னல் வருகிறது. கப்பல் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேப் வெர்டே தீவுகளை எட்டிவிட்டது. 4,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். இரவில் சிக்னல் கணீரென்று கேட்கிறது. போல்டுவில் பவரைக் குறைத்துப் பார்க்கிறார்கள். 12 கிலோவாட்டில் தொடங்கியது கடைசியில் 1 கிலோவாட் வரை இறங்குகிறது. அப்போதும் கேட்கிறது. அதுவும் பல மடங்கு அதிக மின்சாரத்தை விழுங்கிக்கொண்டிருந்த அவருடைய சொந்த ராட்சத நிலையங்களைவிட பலமாக!

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் இதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. 20 வருடமாக அவர் கட்டிய பெரிய நிலையங்கள், வாங்கிய ராட்சத ஜெனரேட்டர்கள், நட்ட உயரமான மாஸ்ட்டுகள் எல்லாம் தேவையில்லாத பாதையில் போன செலவோ என்ற கேள்வி அது.

இந்தக் கேள்வி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. மொட்டை மாடியில் டிஷ் வைத்து இரண்டு ஊர்களை வைஃபையில் இணைக்க நினைக்கும் எவரும் முதலில் மோதுவது இதில்தான். பவரைக் கூட்டுவதா, நல்ல ஆன்டெனாவை மாட்டுவதா?

மாடி அறையில் தொடங்கிய கதை

மார்க்கோனி 1874 ஏப்ரல் 25 அன்று இத்தாலியின் போலோன்யாவில் பிறந்தார். அப்பா ஜுசெப்பே வசதியான நிலக்கிழார். அம்மா ஆனி ஜேம்சன், அயர்லாந்தின் விஸ்கி தயாரிக்கும் ஜேம்சன் குடும்பத்துப் பெண். மார்க்கோனி முறையாகப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை. பக்கத்தில் வசித்த இயற்பியல் பேராசிரியர் அகுஸ்தோ ரிகியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

1894-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் இறந்துபோனார். ரேடியோ அலைகள் இருப்பதைச் சோதனையில் காட்டியவர் அவர். அவரது வேலையைப் பற்றிப் படித்த 20 வயது மார்க்கோனிக்கு ஒரே யோசனை: இந்த அலையில் தந்தி அனுப்ப முடியுமா? பொன்டெக்கியோவில் இருந்த குடும்ப வீட்டின் மாடி அறை ஆய்வகமானது. அப்பாவுக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. அம்மாதான் கூடவே நின்றார்.

1895-ல் அவர் இரண்டு மாற்றங்கள் செய்தார். அனுப்பும் கருவியின் ஒரு முனையை உயரத்தில் தொங்கவிட்டார். இன்னொரு முனையை மண்ணில் புதைத்தார். சிக்னல் போகும் தூரம் சட்டென்று கூடியது. வீட்டுக்குப் பின்னால் இருந்த குன்றைத் தாண்டி, சுமார் 2 கிலோமீட்டர் தூரத்தில் சிக்னல் கிடைத்தது. கிடைத்ததற்கு அடையாளமாக அந்தப் பக்கமிருந்து துப்பாக்கி வெடித்தார்கள் என்பது இன்றுவரை சொல்லப்படும் கதை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மார்க்கோனியின் முதல் பெரிய வெற்றி பவரால் வந்ததில்லை. ஆன்டெனாவால் வந்தது.

கையில் இருந்ததைக் கீழே வைத்த தருணம்

1896-ல் அம்மாவோடு லண்டன் போனார். அம்மா வழி உறவினர் ஹென்றி ஜேம்சன் டேவிஸ் கைகொடுத்தார். பிரிட்டிஷ் தபால் துறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் ஆதரவு தந்தார். அதே வருடம் ஜூன் 2 அன்று பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தார்.

செப்டம்பரில் சாலிஸ்பரி சமவெளியில் ராணுவ, கடற்படை அதிகாரிகள் முன்னால் ஒரு சோதனை. அதில் அவர் பயன்படுத்தியது மிகச் சிறிய அலைநீளம். பின்னால் பரவளைய வடிவ உலோகத் தகடு. டார்ச் லைட்டின் உள்ளே பளபளப்பாக ஒரு கிண்ணம் இருக்குமே, அதே வேலைதான். எல்லாப் பக்கமும் சிதறும் அலையை ஒரே திசையில் குவிக்கும். தூரம் சுமார் 2.8 கிலோமீட்டர்.

சில மாதம் கழித்து அதே சமவெளியில் உயரமான கம்பியை வைத்து நீளமான அலையில் முயன்றார். தூரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. அவ்வளவுதான். பரவளையத் தகடு ஓரமாகப் போனது. ஆன்டெனாவின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் தூரம் நான்கு மடங்காகிறது என்பது அவர் சோதனைகளில் கண்ட கணக்கு. உயரமாகக் கட்டு, நீளமான அலையை எடு, பவரைக் கூட்டு என்பதே அடுத்த 20 வருடத்துக்கான பாதையானது.

அதே 1890-களில் கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தார். அவர் எடுத்தது வெறும் சில மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகள். புனல் போன்ற ஹார்ன் ஆன்டெனா, அலையைக் குழாய்க்குள் செலுத்தும் முறை என்று இன்றைய மைக்ரோவேவ் கருவிகளின் மூதாதைகள் அவர் மேசையில் இருந்தன. 60 கிகாஹெர்ட்ஸ் லிங்க் என்று இன்று விற்கப்படும் கருவிகள் வேலை செய்வது கிட்டத்தட்ட போஸ் தொட்ட அந்த 5 மில்லிமீட்டர் அலைநீளத்தில்தான். ஆனால் அன்றைக்குக் கடல் கடந்து தந்தி அனுப்புவதே சந்தைக்குத் தேவைப்பட்டது. அதற்கு மார்க்கோனியின் பாதைதான் சரி என்று பட்டது.

மூன்று புள்ளிகள்

1897 மே மாதம் பிரிஸ்டல் கால்வாயின் மேல் சிக்னல் போனது. ஜூலையில் கம்பெனி தொடங்கினார். 1899 மார்ச்சில் இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டி பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர். அடுத்த இலக்கு அட்லாண்டிக்.

அன்றைய விஞ்ஞானிகள் பலர் இது நடக்காது என்றே நினைத்தார்கள். பூமி உருண்டை. ரேடியோ அலை நேர்கோட்டில் போகும். அப்படியென்றால் அது விண்வெளிக்குப் போய்விடுமே? மார்க்கோனியிடம் இதற்குக் கோட்பாட்டு ரீதியான பதில் இல்லை. இதுவரை தூரம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது, இன்னும் கூடும் என்ற நம்பிக்கைதான் இருந்தது.

போல்டுவில் நிலையம் எழுந்தது. டிரான்ஸ்மிட்டரை வடிவமைத்தவர் ஜான் ஆம்ப்ரோஸ் ஃப்ளெமிங். 25 கிலோவாட் ஜெனரேட்டர். சுமார் 60 மீட்டர் உயரத்தில் வட்டமாக 20 மாஸ்ட்டுகள். 1901 செப்டம்பர் 17 அன்று புயலில் மொத்தமும் சாய்ந்தது. அமெரிக்காவின் கேப் காட்டில் கட்டிய மாஸ்ட்டுகளும் சில வாரத்தில் விழுந்தன. மார்க்கோனி நிற்கவில்லை. போல்டுவில் இரண்டு மாஸ்ட்டுகளுக்கு நடுவே விசிறி மாதிரி கம்பிகளைக் கட்டச் சொல்லிவிட்டு, கனடா பக்கம் நியூஃபவுண்ட்லாந்துக்குக் கப்பல் ஏறினார்.

டிசம்பர் 12. சிக்னல் ஹில் என்ற குன்று. பலத்த காற்று. பட்டத்தில் கட்டிய சுமார் 150 மீட்டர் கம்பிதான் ஆன்டெனா. மதியம் 12.30 மணி வாக்கில் காதில் வைத்த கருவியில் மூன்று புள்ளிகள் கேட்டதாக மார்க்கோனி பதிவு செய்தார். மோர்ஸ் குறியீட்டில் அது எஸ் என்ற எழுத்து. உதவியாளர் ஜார்ஜ் கெம்பும் கேட்டார். வந்த தூரம் சுமார் 3,500 கிலோமீட்டர்.

உண்மையிலேயே கேட்டதா? இந்தச் சந்தேகம் இன்றும் தீரவில்லை. பகல் நேரத்தில் அந்த மாதிரி அலை அவ்வளவு தூரம் வருவது கஷ்டம். மின்னல் போன்ற இயற்கை இரைச்சலைச் சிக்னல் என்று நினைத்திருக்கலாம் என்பவர்கள் உண்டு. மார்க்கோனியே இந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல, 1902 பிப்ரவரியில் பிலடெல்பியா என்ற கப்பலில் கருவியோடு ஏறினார். இரவில் 3,300 கிலோமீட்டருக்கு மேலும் சிக்னல் கிடைத்தது. பகலில் சுமார் 1,100 கிலோமீட்டரோடு நின்றுபோனது.

இரவுக்கும் பகலுக்கும் ஏன் இந்த வித்தியாசம்? வானத்தில் ஏதோ இருக்கிறது என்பதற்கான முதல் தடயம் அது. அதே வருடம் ஆலிவர் ஹெவிசைடு, ஆர்தர் கென்னலி இருவரும் தனித்தனியாக ஒரு யோசனையைச் சொன்னார்கள்: மேல் வளிமண்டலத்தில் மின்சாரம் கடத்தும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும், அது அலையைத் திருப்பி அனுப்புகிறது. நாம் இன்று அயனமண்டலம் என்று சொல்வது அதைத்தான். 1924-ல் எட்வர்ட் ஆப்பிள்டன் அதைச் சோதனையில் உறுதி செய்தார்.

பவர் பைத்தியம் பிடித்த காலம்

மார்க்கோனி அந்தத் தடயத்திலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், அலையை இன்னும் நீளமாக்கு என்பது. நீண்ட அலைகள் பகலிலும் தாங்கின. 1907 அக்டோபரில் அயர்லாந்தின் கிளிஃப்டனுக்கும் கனடாவின் கிளேஸ் பேக்கும் இடையே வர்த்தகச் சேவை தொடங்கியது. கிளிஃப்டன் நிலையம் சுமார் 300 கிலோவாட். கரிமண்ணை எரித்து நீராவி, அதிலிருந்து மின்சாரம். மின்தேக்கிகளை வைக்கவே தனியாக ஒரு பெரிய கட்டடம்.

ஏன் இவ்வளவு பெரிதாக? ஒரு ஆன்டெனா ஒழுங்காக வேலை செய்ய அதன் நீளம் அலைநீளத்தில் குறைந்தது கால் பங்காவது இருப்பது நல்லது. 6,000 மீட்டர் அலைக்குக் கால் பங்கு 1.5 கிலோமீட்டர். அந்த உயரத்துக்கு யாரால் கட்ட முடியும்? அதனால் எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும், அலையின் கணக்கில் அந்த ஆன்டெனா குட்டையானதுதான். கொடுத்த மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே வீணானது. அந்த இழப்பை ஈடுகட்ட இன்னும் பவர். நீண்ட அலையைக் குறுகலான கற்றையாகக் குவிப்பதைப் பற்றிக் கனவுகூடக் காண முடியாது.

இதற்கு நடுவே புகழ் கூடிக்கொண்டே போனது. 1909-ல் இயற்பியல் நோபல், ஜெர்மனியின் கார்ல் ஃபெர்டினான்ட் பிரவுனோடு சேர்த்து. பல ஆன்டெனாக்களை ஒன்றாக இயக்கி அலையை ஒரு திசையில் செலுத்த முடியும் என்று 1905-லேயே சோதித்துக் காட்டியவர் பிரவுன். இன்று 5ஜி விளம்பரத்தில் வரும் பீம்ஃபார்மிங்கின் தாத்தா அது. 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது உதவி கேட்டு ஒலித்தது மார்க்கோனி கம்பெனியின் கருவி. 700-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் பிழைக்க அந்த அழைப்பு காரணமானது. அதே வருடம் கார் விபத்தில் மார்க்கோனி வலது கண்ணை இழந்தார்.

யாருக்கும் வேண்டாத அலைகள்

திருப்பம் வந்தது ஓரத்தில் இருந்தவர்களிடமிருந்து. 1912-ல் அமெரிக்க அரசு அமெச்சூர் ரேடியோ ஆட்களை 200 மீட்டரும் அதற்குக் குறைவான அலைகளும் உள்ள பகுதிக்குத் தள்ளியது. தூரத் தொடர்புக்கு அது பிரயோஜனமில்லாத இடம் என்பது அன்றைய எண்ணம். 1921 டிசம்பரில் அந்த அமெச்சூர்களின் சிக்னல்கள் ஸ்காட்லாந்தில் கேட்டன. பவர் 1 கிலோவாட் அளவுதான்.

மார்க்கோனியும் சும்மா இருக்கவில்லை. முதல் உலகப் போர் நடந்தபோது, 1916-ல், இத்தாலியில் கடற்படைக்காக மீண்டும் சிறிய அலைகளைத் தொட்டார். 2, 3 மீட்டர் அலைகள், பின்னால் பிரதிபலிப்பான். அதாவது 1896-ல் ஓரமாக வைத்த அதே யோசனை. கூட இருந்த பொறியாளர் சார்லஸ் ஃபிராங்க்ளின்தான் இதை அடுத்தடுத்த கட்டங்களுக்குக் கொண்டுபோனார். 1923-ல் போல்டுவிலிருந்து எலெட்ராவுக்கு சிக்னல் அனுப்பியதும் அவர் கட்டிய கருவியே.

அடுத்த வருடம் மே 30 அன்று போல்டுவிலிருந்து பேசிய குரல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் கேட்டது. செப்டம்பரில் 32 மீட்டர் அலை பகலிலும் லெபனானின் பெய்ரூட் வரை போனது. பகல் பிரச்னையும் தீர்ந்தது.

இங்கேதான் மார்க்கோனியின் வாழ்க்கையிலேயே கஷ்டமான முடிவு. பிரிட்டன் தன் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளை இணைக்கப் பெரும் பவர் கொண்ட நீண்ட அலை நிலையங்களைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தது. அவர் கம்பெனியும் பல வருடமாக அதைத்தான் விற்றுவந்தது. இப்போது அவரே வந்து, அது வேண்டாம், குற்றலையும் குறுகிய கற்றையும் போதும் என்று சொல்ல வேண்டும். வெறும் சில சோதனைகளின் பலத்தில். தோற்றால் கம்பெனி போகும், பெயரும் போகும்.

அவர் சொன்னார். 1924 ஜூலையில் தபால் துறையோடு ஒப்பந்தம் ஆனது. 1926 அக்டோபரில் கனடா, 1927-ல் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா என்று வரிசையாக பீம் சேவை திறந்தது. இந்தியாவில் அனுப்பும் நிலையம் புனே அருகே கிர்கீயிலும், பெறும் நிலையம் தௌண்டிலும் அமைந்தன. கட்டணம் குறைவு, வேகம் அதிகம். கடலடி கேபிள் கம்பெனிகள் ஆட்டம் கண்டன. கடைசியில் 1929-ல் கேபிளையும் வயர்லெஸையும் ஒரே கம்பெனிக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. பின்னாளில் கேபிள் அண்ட் வயர்லெஸ் என்று பெயர் மாறியது அதுதான்.

சரி, இதில் நமக்கு என்ன இருக்கு?

இப்போது மொட்டை மாடிக்கு வருவோம். 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு கட்டடத்துக்கு வைஃபை லிங்க் போட வேண்டும். சிக்னல் பத்தவில்லை.

முதல் வழி, பவரைக் கூட்டுவது. தடையில்லாத வெளியில் தூரத்தை இரண்டு மடங்காக்க பவரை நான்கு மடங்காக்க வேண்டும். மூன்று மடங்கு தூரத்துக்கு ஒன்பது மடங்கு. சீக்கிரமே கட்டுப்படியாகாது. இன்னொரு சிக்கலும் உண்டு. கத்துவதால் உங்கள் குரல் மட்டும்தான் அந்தப் பக்கம் போகும். அங்கிருந்து வரும் மெல்லிய குரல் உங்களுக்குக் கேட்காது. இன்டர்நெட் இருவழிப் பேச்சு. ஒரு பக்கம் மட்டும் சத்தம் போட்டுப் பயனில்லை.

இரண்டாவது வழி, ஆன்டெனா. திசை பார்த்துக் குவிக்கும் ஆன்டெனா அனுப்பும்போதும் உதவும், கேட்கும்போதும் உதவும். காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைப்பதுபோல.

ஒரு சின்னக் கணக்கு. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த, கருவியின் பவர் 1 வாட்டைத் தாண்டக்கூடாது. ஆன்டெனாவின் குவிப்பையும் பெருக்கிவரும் தொகை 4 வாட்டைத் தாண்டக்கூடாது. 1 வாட் கருவியோடு 4 மடங்கு குவிக்கும் சின்ன ஆன்டெனா வைத்தால் 4 வாட். 0.1 வாட் கருவியோடு 40 மடங்கு குவிக்கும் ஆன்டெனா வைத்தாலும் அதே 4 வாட்தான். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்வது சமம். ஆனால் இரண்டாவது ஆள் பத்து மடங்கு நன்றாகக் கேட்பார். பக்கத்து வீடுகளுக்கும் தொந்தரவு குறைவு. சட்டத்தின் எல்லை ஒன்றுதான். அதற்குள் எதைத் தேர்வு செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

மார்க்கோனியால் 1907-ல் முடியாதது நமக்கு ஏன் முடிகிறது? அலைநீளம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வெறும் 6 சென்டிமீட்டர். அதனால் ஒரு சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரிய டிஷ்ஷே அலையின் கணக்கில் ராட்சத ஆன்டெனா.

ஒரே நிபந்தனை, இந்த அலைகள் வானத்தில் மோதித் திரும்பாது. நேர்ப் பார்வை வேண்டும். நடுவே மரம், கட்டடம் கூடாது. கோட்டைச் சுற்றியும் கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும். ஆக, உயரம் முக்கியம் என்று மார்க்கோனி ஆரம்பத்தில் கண்டது இன்றும் செல்லும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமில்லை. 2007-ல் வெனிசுலாவில் எர்மன்னோ பியெத்ரோசெமோலி குழுவினர் மென்பொருளை மாற்றிய சாதாரண வைஃபை ரவுட்டர்களை மலை உச்சிகளில் பெரிய டிஷ்களோடு வைத்து 382 கிலோமீட்டர் லிங்க் போட்டுக் காட்டினார்கள். நம் தேனியில், 2000-களின் நடுவில், அரவிந்த் கண் மருத்துவமனை கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து சுற்றுவட்டாரக் கிராமக் கண் மையங்களை நெடுந்தூர வைஃபையில் இணைத்தது. கிராமத்தில் உட்கார்ந்தபடியே நோயாளி வீடியோவில் மருத்துவரிடம் பேச முடிந்தது. கோபுரத்தில் திசை பார்த்து வைத்த ஆன்டெனா, தூரத்துக்கு ஏற்ப மாற்றிய மென்பொருள். பவர் அதே குறைந்த பவர்தான்.

கடைசி லிங்க்

மார்க்கோனியின் கடைசி வருடங்களில் இருட்டும் உண்டு. 1923-ல் முசோலினியின் ஃபாசிசக் கட்சியில் சேர்ந்தார். 1930-ல் முசோலினி அவரை இத்தாலிய ராயல் அகாடமியின் தலைவராக்கினார். எத்தியோப்பியா மீதான இத்தாலியின் படையெடுப்பை வெளிநாடுகளில் ஆதரித்துப் பேசினார். கருவிகளில் தன் தவறைத் திருத்திக்கொண்டவர், அரசியலில் அதைச் செய்யவில்லை.

ஆய்வு மட்டும் நிற்கவில்லை. அலை இன்னும் சிறிதானது, சுமார் அரை மீட்டர் வரை. 1933 பிப்ரவரியில் வத்திக்கானுக்கும், சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி காஸ்டல் கண்டோல்ஃபோவில் இருந்த போப்பின் கோடைக்கால மாளிகைக்கும் இடையே மைக்ரோவேவ் தொலைபேசி இணைப்பு திறக்கப்பட்டது. இரண்டு முனைகள், இரண்டு பிரதிபலிப்பான்கள், நடுவே குறைந்த பவர். இன்று செல்போன் டவர்களில் பக்கவாட்டில் மத்தளம் மாதிரி தொங்கும் வட்ட ஆன்டெனாக்கள் செய்வதும் இதே வேலை.

1937 ஜூலை 20 அன்று ரோம் நகரில் மாரடைப்பால் இறந்தார். வயது 63. அவருக்காக உலகின் பல ரேடியோ நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனமாக இருந்தன.

அடுத்த முறை ரவுட்டரின் செட்டிங்ஸில் டிரான்ஸ்மிட் பவரை உச்சத்துக்குத் தள்ளப் போகும் முன், ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். மார்க்கோனிக்கு அந்தப் பக்கம் திரும்ப 20 வருடம் ஆனது. நமக்கு ஒரு ஸ்பேனரும் ஏணியும் போதும்.